கதவு மூடியாச்சு, வானமும் தெளிவு: பிறகு ஏன் விமானம் கிளம்பவில்லை?

கேள்வி: சென்ற ஜூலையில் ஒரு மாலை, சென்னையிலிருந்து மும்பைக்குப் போனேன். எல்லாரும் ஏறி உட்கார்ந்து, கதவும் சாத்திவிட்டார்கள். அதற்கப்புறம் ஐம்பது நிமிடம் நின்ற இடத்திலேயே இருந்தோம். 'ஏ.டி.சி. அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்' என்று மட்டும் விமானி சொன்னார். சென்னையில் மழை இல்லை. மும்பையிலும் இல்லை என்று தம்பி போனில் சொன்னான். தனி டிக்கெட்டில் எடுத்திருந்த அகமதாபாத் விமானம் போயே போய்விட்டது. இந்தத் தாமதம் யாரால்? முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? இழப்பீடு கேட்கலாமா?

பதில்: ஏ.டி.சி. என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்களை நிறுத்தி வைத்தது சென்னை விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரமாக இருக்க வாய்ப்பு குறைவு. முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டிருக்கும். காரணம் மும்பை ஓடுபாதையில் இருந்திருக்கும்.

மும்பை விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுகின்றன. அதனால் ஒரே நேரத்தில் இரண்டிலும் விமானங்களை இஷ்டம்போல் இறக்கி ஏற்ற முடியாது. நடைமுறையில் ஒற்றை ஓடுபாதைதான். அதில் இறங்குவதும் ஏறுவதுமாகச் சேர்த்து மணிக்கு 46 விமானங்கள் வரை கையாண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 78 விநாடிக்கு ஒன்று. உலகில் ஒற்றை ஓடுபாதையில் இந்த அளவு வேலை வாங்கும் இடங்கள் மிகக் குறைவு. அங்கே உட்கார்ந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இந்த 78 விநாடியில் ஒளித்து வைத்த உபரி எதுவும் கிடையாது. பெரிய விமானம் ஒன்று இறங்கினால் அதன் இறக்கைகளுக்குப் பின்னால் காற்றுச் சுழல் கிளம்பும். அதனால் பின்னால் வரும் ஏ320 போன்ற நடுத்தர விமானத்துக்கு 5 கடல் மைல் இடைவெளி விட வேண்டும். முன்னால் போவது மிகப் பெரிய பயணி விமானமான ஏ380 என்றால் 7 கடல் மைல். யாராவது கடைசி நேரத்தில் இறங்காமல் மேலே ஏறிச் சுற்றிவந்தால், அவருக்கு வரிசையில் மறுபடி இடம் கொடுக்க வேண்டும். ஜூலையில் உங்கள் தம்பி நின்ற தெருவில் மழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் கடல் பக்கம் ஒரு மழைமேகம், விமானங்கள் இறங்க வரும் அணுகுபாதையில் வந்து நின்றாலே விமானங்கள் அதைச் சுற்றி வர வேண்டியிருக்கும். மணிக்கு 46 என்பது நாற்பதுக்குக் கீழே வந்துவிடும். மிச்ச விமானங்கள் எங்கேயாவது காத்திருந்துதான் ஆக வேண்டும்.

எங்கே காத்திருக்க வைப்பது என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் பெரும்பாலும் வானத்தில்தான். மும்பையை நெருங்கிய பிறகு ஒரு குறிப்பிட்ட புள்ளியின் மேல் நீள்வட்டமாகச் சுற்றச் சொல்வார்கள். ஒரு சுற்றுக்கு சுமார் நான்கு நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் கரையும். மாற்று விமான நிலையத்துக்குப் போகும் அளவும், அதற்கு மேல் 30 நிமிடம் பறக்கும் கடைசி இருப்பும் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது ஜெட் விமானங்களுக்கான விதி. அந்தக் கோட்டை நெருங்கினால் விமானி அகமதாபாத்துக்கோ ஹைதராபாத்துக்கோ திருப்பிவிடுவார். பதினைந்து விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றும்போது கன்ட்ரோலரின் வேலைப்பளுவும் ஏறிக்கொண்டே போகும்.

இதை மாற்றத்தான் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் டெல்லி வசந்த் குஞ்சில் ஒரு மையக் கட்டளை நிலையம் வைத்திருக்கிறது. இந்த மணியில் மும்பையால் எத்தனை விமானங்களை ஏற்க முடியும், எத்தனை வரப் பார்க்கின்றன என்று அங்கே முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். வருவது அதிகமானால் ஒவ்வொரு விமானத்துக்கும் இறங்கும் நேரம் ஒன்றை ஒதுக்கிப் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். உதாரணத்துக்கு, உங்களுக்கு மும்பையில் கிடைத்த இடம் இரவு 7.40 என்று வைத்துக்கொள்வோம். பறக்க 1 மணி 35 நிமிடம் என்றால் சென்னையில் 6.05-க்கு மேலெழ வேண்டும். ஓடுபாதை வரை ஊர்ந்து போகப் பதினைந்து நிமிடம் என்றால் 5.50-க்கு விமானத்தை நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்குத் தள்ள வேண்டும். அட்டவணையில் 5.00 என்று இருந்தால், அதுதான் உங்கள் ஐம்பது நிமிடம்.

இதில் ஒரு நியாயக் கேள்வி எழும். துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் விமானம் ஏன் காக்கவில்லை? மும்பையில் நெரிசல் என்று கணக்கு வரும்போது அது ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும். பறப்பதை நிறுத்திவைக்க முடியாது. அதனால் சுமை பெரும்பாலும் இன்னும் கிளம்பாத உள்நாட்டு விமானங்கள் மேல் விழுகிறது. எரிச்சல் புரிகிறது. ஆனாலும் என்ஜின் அணைத்த விமானத்தில் ஐம்பது நிமிடம் உட்கார்வதை, அரபிக்கடல் மேல் பத்துச் சுற்று சுற்றுவதைவிட நான் எப்போதும் விரும்புவேன்.

சரி, அப்படியானால் கதவை ஏன் சீக்கிரம் மூட வேண்டும்? ஒதுக்கிய நேரம் மாறிக்கொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் ஒரு விமானம் தயாராகவில்லை என்றால் அந்த இடம் காலியாகும். கதவு மூடித் தயாராக இருப்பவருக்கு அது கிடைக்கலாம். ஏறுவதைத் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பும் போகும். நுழைவாயிலுக்கு அடுத்த விமானம் காத்திருப்பதும் ஒரு காரணம். அந்த முடிவு விமான நிறுவனத்துடையது. கதவை மூடச் சொல்வது ஏ.டி.சி. அல்ல.

இத்தனை கறார் எதற்கு என்றால், இந்த நாடு அதற்குக் கொடுத்த விலை அப்படி. 1996 நவம்பர் 12-ஆம் தேதி டெல்லிக்கு மேற்கே சர்கி தாத்ரியின் வானில், புறப்பட்ட சவூதி போயிங் 747-ம் இறங்கிவந்த கஸகஸ்தான் இல்யூஷின் 76-ம் மோதிக்கொண்டன. 349 பேர் இறந்தார்கள். ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. கஸகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. அது அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அன்று டெல்லியில் வருவதும் போவதும் ஒரே வழியில்தான். ரேடாரில் விமானம் எங்கே என்று தெரியுமே தவிர, எவ்வளவு உயரம் என்று தெரியாது. அதன் பிறகுதான் வழிகள் பிரிந்தன. உயரத்தையும் காட்டும் ரேடார் வந்தது. மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. இன்று ரேடார் கண்காணிப்பில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே குறைந்தது 1,000 அடி உயர வித்தியாசம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், நெடுவழியில் பொதுவாக 5 கடல் மைல் பக்கவாட்டு இடைவெளி வேண்டும்.

உங்கள் விமானமும் சென்னை தரைக் கட்டுப்பாடு, கோபுரம், நிலையத்தைச் சுற்றியுள்ள வானைப் பார்க்கும் அணுகு கட்டுப்பாடு, நெடுவழியைப் பார்க்கும் வட்டாரக் கட்டுப்பாடு என்று கைமாறி, மும்பையில் அதே வரிசையைத் தலைகீழாகக் கடந்திருக்கும். இந்திய வான்பரப்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு மண்டலங்கள். மொத்தம் சுமார் 28 லட்சம் சதுர கடல் மைல். அதில் பாதிக்கு மேல் கடல். வங்கக்கடலின் நடுவே ரேடார் எட்டாத இடங்களில் செயற்கைக்கோள் வழியாக எழுத்துச் செய்தியில் சென்னை மையம் விமானிகளோடு பேசுகிறது.

ரேடாரும் ரேடியோவும் மட்டும் போதாது என்பதை 2025 நவம்பர் 7 காட்டியது. டெல்லியில் விமானத் திட்டங்களை, அதாவது எந்த விமானம் எப்போது எந்த வழியில் போகும் என்ற விவரங்களை, கன்ட்ரோலர்களின் திரைக்கு அனுப்பும் செய்திப் பரிமாற்றக் கணினி முடங்கியது. திட்டங்களைக் கையால் தயாரித்து வேலை நடத்தினார்கள். விபத்து எதுவும் இல்லை. ஆனால் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள், இடைவெளியை விட்டுக்கொடுக்கவில்லை.

இனி உங்கள் கைக்குள் இருப்பவை. மும்பையில் இணைப்பு விமானம் பிடிப்பதாக இருந்தால் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துக்கு வரும். தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. தனியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் மழைக்கால மாலைகளில் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுவேன். காலை முதல் விமானம் பொதுவாக நல்லது, ஏனென்றால் தாமதம் பகல் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். டெல்லிக்கு டிசம்பர், ஜனவரியில் இது பொருந்தாது. அங்கே அதிகாலைப் பனிமூட்டம்தான் எதிரி. மும்பையில் மழைக்கு முன்னும் பின்னும் பராமரிப்புக்காக ஒரு நாள் பகலில் ஓடுபாதைகளை மூடுவார்கள். அந்தத் தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள்.

புறப்படும் நாளில், உங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் அதற்கு முன் எங்கிருந்து வருகிறது என்று ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் பாருங்கள். அது தாமதம் என்றால் நீங்களும் தாமதம். கதவு மூடிய பின் தாமதம் என்றால் பணிப்பெண்ணிடம் 'நமக்கு ஸ்லாட் எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். ஸ்லாட் என்பது உங்கள் விமானத்துக்கு ஒதுக்கிய நேரம். விமானிக்கு அது தெரியும், பெரும்பாலும் சொல்வார்கள்.

இழப்பீடு விஷயத்தில் உங்களுக்குச் சாதகமான பதில் இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி ஏ.டி.சி., வானிலை போன்ற காரணங்களால் வரும் தாமதத்துக்கு நிறுவனம் பண இழப்பீடு தர வேண்டியதில்லை. சென்னை - மும்பை போல இரண்டரை மணிக்குள் முடியும் பயணத்துக்கு, தாமதம் இரண்டு மணியைத் தாண்டினால்தான் உணவு தர வேண்டும் என்ற விதி பொருந்தும். ஆறு மணியைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். ஐம்பது நிமிடத்துக்கு இவை எதுவும் கிடைக்காது. ஆனால் நிறுவனம் சொன்ன காரணம் உண்மையா என்று சந்தேகம் இருந்தால், கதவு மூடிய நேரம், நகர்ந்த நேரம், மேலெழுந்த நேரம் மூன்றையும் குறிப்பிட்டு, ஒதுக்கப்பட்ட ஸ்லாட் என்ன என்று அவர்களிடமே எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் அதே விவரங்களோடு புகார் பதியலாம்.