சித்திரை விடியலில் பாடுவது யார்? கேள்வி பதில்

மதுரை வாசகி: விடியும் முன்பே குயில் கூவுகிறது. தேடிப் பார்த்தால் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு பறவைதான் இருக்கிறது. அதுவா கூவுகிறது?

நீங்கள் பார்த்தது பெண் குயில். 'கூ... ஊ' என்று சுருதி ஏற்றிக்கொண்டே போவது ஆண். உடம்பு பளபளக்கும் கறுப்பு, கண் சிவப்பு. பெண் 'கிக் கிக் கிக்' என்று வேகமாகக் கத்தும். குயில் பாட்டு என்றாலே பெண்குரலை நினைக்கிறோம். பாவம், தொண்டை வறளப் பாடுவது ஆண்தான்! குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதால், காகம் கூடு கட்டும் காலத்தில்தான் இந்தக் கூவலும் உச்சத்துக்குப் போகும். காகம் குயிலைத் துரத்தினால் அண்ணாந்து பாருங்கள், பக்கத்திலேயே கூடு இருக்கலாம்.

திருச்சி வாசகர்: வெயில் ஏறியும் யாரோ செம்பு தட்டுவது போல 'டொக் டொக் டொக்' கேட்கிறது. மரங்கொத்தியா?

இல்லை, செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பறவை. அலகைத் திறக்காமலே ஒலி எழுப்பும். ஒவ்வொரு 'டொக்'குக்கும் தொண்டை புடைக்கும். தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டே பாடுவதால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. ஆல், அரச மரங்கள் பழுத்திருந்தால் அங்கே தேடுங்கள். பட்டுப்போன கிளையைக் குடைந்துதான் கூடு வைக்கும். அதனால் ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட கிளையைத் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: மாலையில் தினமும் கத்திய ஆறுமணிக் குருவியின் சத்தமே இல்லை. என்ன ஆயிற்று?

கவலை வேண்டாம். அது வலசைப் பறவை. கோடை தொடங்கியதும் குஞ்சு பொரிக்க வடக்கே மத்திய இந்தியா, இமயமலை அடிவாரம் வரை போய்விடும். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் திரும்பி வரும்.

சேலம் வாசகி: போனில் பறவை ஒலியைப் போட்டால் பதில் குரல் வருகிறது. செய்யலாமா?

பறவைகள் கூடு கட்டும் இந்தக் காலத்தில் வேண்டவே வேண்டாம். எல்லைக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டான் என்று நினைத்து, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்துவிடும். ஒலியைப் பதிவு செய்யுங்கள், போதும். மெர்லின் என்ற செயலி குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும்; ஆனாலும் கண்ணால் பார்த்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி வாசகர்: புதிதாகத் தொடங்குகிறேன். எந்தப் பறவையிலிருந்து ஆரம்பிக்கலாம்?

வண்ணாத்திக்குருவி. விடிய அரை மணி இருக்கும்போதே மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள். காற்று அடங்கியிருக்கும், வண்டிச் சத்தமும் இருக்காது. கறுப்பும் வெள்ளையுமாக வாலைத் தூக்கிக்கொண்டு, மர உச்சியிலோ ஆன்டெனாவிலோ உட்கார்ந்து சீழ்க்கை அடிக்கும். மற்ற பறவைகளின் குரலையும் இடையில் சேர்த்துக்கொள்ளும். முதல் வாரம் இது ஒன்றை மட்டும் கேளுங்கள்.