வலி மாத்திரை: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு மருந்தாளர் பதில்

ஹட்டன்: கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி. டிஸ்பென்சரியில் டிக்ளோபெனாக் கொடுத்தார்கள். வலி போகாததால் கடையில் புரூஃபனும் (இபுபுரூஃபன்) வாங்கினோம். இரண்டையும் போடலாமா?

கூடாது. டிக்ளோபெனாக், புரூஃபன், மெஃபனமிக் அசிட், நப்ரொக்சன் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டைச் சேர்த்தால் வலி அவ்வளவாகக் குறையாது, வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும்தான் கூடும். டிக்ளோபெனாக் 50 மி.கி. என்றால் சாப்பிட்ட பிறகு, நாளுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. போதாவிட்டால் பனடோல் (பரசிட்டமோல், வேறு குடும்பம்) சேர்க்கலாம்: 500 மி.கி. மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். அம்மா 50 கிலோவுக்குக் குறைவென்றால் அந்த அளவும் கூடுதல், குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முழங்கால் மட்டும்தான் வலி என்றால் முதலில் டிக்ளோபெனாக் ஜெல் பூசிப் பாருங்கள். இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

இன்னொன்று. நம் பக்கம் மாத்திரை காகித உறையில்தான் வரும், மேலே ‘வலிக்கு’ என்று மட்டும் எழுதியிருக்கும். மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே மருந்தை இரண்டு உறையிலிருந்து விழுங்குவது இப்படித்தான் நடக்கிறது.

பண்டாரவளை: டிக்ளோபெனாக்கை ஊசியாகவோ, மலவாயில் வைக்கும் மாத்திரையாகவோ எடுத்தால் வயிறு தப்பும்தானே?

தப்பாது. வயிற்றுச் சுவரின் பாதுகாப்பை இந்த மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் குறைக்கிறது.

தலவாக்கலை: அப்பாவுக்கு பிரசர். கிளினிக்கில் லொசாட்டனும் நீர் மாத்திரையும் தருகிறார்கள். இடுப்பு வலிக்கு நாலு நாள் டிக்ளோபெனாக் போட்டதும் கால் வீங்கிவிட்டது.

டிக்ளோபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். பிரசர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் வரும் நுண்குழாயை விரித்து வைக்கும் பொருளை வலி மாத்திரை தடுக்கிறது. வெளியேறும் குழாயை லொசாட்டன் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தமே விழுந்துவிடும். வயிற்றோட்டம் வந்தாலோ, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் மலையில் நின்றாலோ இன்னும் மோசம். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் காட்டி, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

நுவரெலியா: நான் 24 வாரக் கர்ப்பிணி. மூத்த பிள்ளை பிறந்தபோது தந்த மெஃபனமிக் அசிட் வீட்டில் இருந்தது, இடுப்பு வலிக்கு ஒன்று போட்டுவிட்டேன்.

பயப்படாதீங்க தங்கச்சி, ஒரு மாத்திரையால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இனிமேல் போட வேண்டாம், மிட்வைஃபிடமும் சொல்லி வையுங்கள். இந்த மாதங்களில் பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீர்தான். டிக்ளோபெனாக் குடும்பத்து வலி மாத்திரை பிள்ளையின் சிறுநீரகத்தையும் தாக்கும், நீர் வற்றும். அதனால்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் 20 வாரத்திலிருந்தே தவிர்க்கச் சொன்னது. இரண்டு நாளுக்கு மேல் எடுத்திருந்தால் ஸ்கேனில் நீரின் அளவைப் பார்ப்பது நல்லது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு இன்னொரு ஆபத்தும் உண்டு: பிறந்த பின் மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய இரத்தக்குழாய் வயிற்றுக்குள்ளேயே சுருங்கலாம். ஜெல்லையும் கேட்காமல் பூச வேண்டாம்.

வலிக்குப் பனடோல், குறைந்த அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும். ஆனால் தலைவலியோடு கண் மங்கினாலோ முகம் வீங்கினாலோ பனடோல் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள், உடனே பிரசர் பார்க்க வேண்டும். பிரசர் வராமலிருக்க டொக்டர் தந்த குறைந்த அளவு அஸ்பிரின் வேறு கதை, அதை நிறுத்தக் கூடாது.

ஹப்புத்தளை: பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது வலி மாத்திரை போடலாமா?

புரூஃபன் 400 மி.கி. போடலாம், சாப்பிட்ட பிறகு, நாளுக்கு மூன்று வரை. பாலில் சேர்வது மிகச் சொற்பம். வீசிங், அல்சர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் வேண்டாம்.

மஸ்கெலியா: காய்ச்சலோடு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. டிக்ளோபெனாக் கேட்குமா?

கேட்கும், அதுதான் ஆபத்து. டெங்கு என்றால் இரத்தக் கசிவு கூடும், எலிக்காய்ச்சல் என்றால் ஏற்கெனவே தவிக்கும் சிறுநீரகத்தில் இன்னொரு அடி. பனடோலும் நீராகாரமும் மட்டும். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை.

வெலிமடை: வலி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் போடுகிறேன். மலம் கறுப்பாகப் போகிறது.

இரும்புச் சத்தாலும் கறுக்கும், ஆனால் கெட்டியாக, கரும்பச்சை சாயலில் இருக்கும். தார் போல ஒட்டி, கடும் நாற்றம் அடித்தால், அல்லது தலைசுற்றல் இருந்தால் அது இரத்தம். வலி மாத்திரையை நிறுத்தி, உறையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.