பச்சைக் கோட்டில் நிற்கும் ஆட்டோ: சைக்கிள் பாதை கேள்வி பதில்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஞாயிறுதோறும் சைக்கிள் மிதிக்கும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் பாலக்காட்டுக்கும், மீதிப் பேர் கோவைக்கும் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சைக்கிளுக்கென்று தனிப் பாதை கிடையாது, அதனால் சண்டையும் கிடையாது. நகரத்துக்குள் நுழைந்த பிறகுதான் எல்லாச் சிக்கலும். நான் சாலைப் பணியில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன், வெயிலில் நின்று கோடு போட வைத்தவன் என்பதால் கேள்விகளை மொத்தமாக என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

வேலந்தாவளம், கல்லூரி மாணவர்: அண்ணா, பச்சை அடிச்ச பாதையில் நல்லாப் போய்க்கிட்டே இருக்கேன். சிக்னலுக்கு இருபதடி முன்னால பச்சையைக் காணோம். அப்புறம் நான் எங்க போறது?

தம்பி, சைக்கிள்காரனுக்கு அடிபடுகிற ஆபத்து அதிகம் உள்ள இடம் சந்திப்பு. கோடு கட்டாயம் வேண்டிய இடமும் அதுதான், கோடு இல்லாமல் போகிற இடமும் அதுதான். நேர் சாலையில் கயிறு பிடித்து ஒரே ஓட்டமாக அடித்துவிடலாம். சந்திப்பில் அடிக்க வேண்டுமானால் வண்டிகளை நிறுத்த வேண்டும், போலீஸ் வேண்டும், எந்த வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று வரைபடம் வேண்டும். "அதை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை.

இருக்கிற குறிகளைப் படிக்கத் தெரிந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். தொடர்ச்சியான கோடு என்றால் மோட்டார் வண்டி தாண்டக் கூடாது. விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால் பார்த்துத் தாண்டலாம், அதாவது அந்த இடத்தில் உன் பாதைக்குள் பஸ் வரும் என்று அர்த்தம். கம்பத்தில் நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சைக்கிள் இருந்தால் அது சைக்கிளுக்கான பாதை. சிவப்பு வளையத்துக்குள் சைக்கிள் இருந்தால் அங்கே சைக்கிள் போகவே கூடாது. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு சண்டைக்குப் போனவர்கள் நம் கூட்டத்திலேயே உண்டு.

பச்சை முடிவதற்கு முப்பது நாற்பது அடி முன்பே வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார். வலது கையை நீட்டு. இடம் கிடைத்ததும் இடப்பக்கத் தடத்தின் நடுவுக்கு வந்துவிடு. ஓரமாக ஒதுங்கினால் பாதுகாப்பு என்று நினைப்போம். இடப்பக்கம் திரும்பும் பஸ்ஸின் டிரைவருக்கு ஓரத்தில் இருப்பவன்தான் கண்ணிலேயே பட மாட்டான். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் மட்டும் புகுந்துவிடாதே. பஸ்ஸுக்குப் பின்னால் நில். அரை நிமிடம் போகும், போகட்டும்.

பாலக்காடு, வங்கி ஊழியர்: பாதை முழுக்க கார் நிறுத்தியிருக்கிறார்கள். கேட்டால் "நோ பார்க்கிங் போர்டு இருக்கா?" என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

போர்டு தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளிலேயே நடைபாதை, சைக்கிள் பாதை, பாதசாரிகள் கடக்கும் இடம் ஆகியவற்றில் வண்டி நிறுத்தத் தடை இருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பின், இந்த விதிகளை மீறினால் 500 முதல் 1000 ரூபாய் வரை அபராதம். காரோ, கடைச் சாமானோ, ஜல்லிக் குவியலோ, எதை வைத்துப் பொதுவழியை அடைத்தாலும் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் 5000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 200 ரூபாய்தான்.

சட்டம் கையில் இருந்தாலும் கார் நகராது, அதனால் ஒன்று சொல்கிறேன். நிற்கும் காரை ஒட்டி ஓட்டாதீர்கள். கதவு திறந்தால் ஒரு மீட்டர் வரை வெளியே வரும். அந்த ஒரு மீட்டரை விட்டு ஓட்டுங்கள், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தாலும் சரி. நீங்களே கார் ஓட்டும்போது வலது கதவை இடது கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். நெதர்லாந்தில் இது ஊறிப்போன பழக்கம்.

சித்தூர், மளிகைக் கடைக்காரர்: ஏனுங்க, எல்லாரும் எங்களையே திட்டறீங்க. தங்கச்சி கடை பாலக்காடு டவுனுக்குள்ள இருக்குது. அந்த மாதிரிக் கடை முன்னால ஒருநாள் காலையில வந்து கோடு போட்டுட்டுப் போயிட்டா, அரிசி மூட்டை லாரி எங்கீங்க நிக்கும்?

நியாயமான கேள்விங்க. என் அனுபவத்தில் சைக்கிள் பாதையை அடைப்பவர்களில் பாதிப் பேர் திமிர் பிடித்தவர்கள் இல்லை, வேறு இடம் இல்லாதவர்கள். முன்பு வண்டி நின்ற இடத்திலேயே கோடு போட்டுவிட்டு, அந்த வண்டிக்கு மாற்று இடம் காட்டாவிட்டால் அது கோட்டின் மேல்தான் நிற்கும். பெயிண்டுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

நான் வரைவதாக இருந்தால் கடைத்தெருவில் ஐம்பது அறுபது மீட்டருக்கு ஒரு முறை லாரி ஒதுங்கி நிற்க சாலையோரத்தில் ஓர் இடம் விடுவேன். சைக்கிள் பாதை அதற்கும் நடைபாதைக்கும் நடுவில் போகும். அப்போது மூட்டை தூக்குகிறவர் பாதையைக் குறுக்கே கடப்பார், ஆனால் லாரி பாதையில் நிற்காது. அதற்கு அகலம் இல்லாத தெருவென்றால் காலை ஏழு மணிக்குள் சரக்கு இறக்க நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இதை முதலிலேயே கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் பாதிச் சண்டை மிச்சம். உங்கள் சங்கத்தின் பெயரில் நீங்களே நகராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். சைக்கிள்காரர்கள் நாங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறோம்.

மீனாட்சிபுரம், பால் வியாபாரி: ரெண்டு பக்கமும் கேன் கட்டினா நட்டு வெச்ச கம்பத்துக்கு நடுவுல என் வண்டி நுழையறதில்லை. ஆனா ஸ்கூட்டர் நுழையுது. இது என்ன கணக்கு?

கணக்கு தப்புதான். சைக்கிள் ஹேண்டில் அறுபது எழுபது சென்டிமீட்டர் என்று வைத்து கம்பம் நடுகிறார்கள். ஸ்கூட்டர் ஹேண்டிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பால் கேன், கேஸ் சிலிண்டர், தேங்காய்க் கூடை கட்டிய சைக்கிள்தான் உண்மையில் அகலமானது. சைக்கிளை உள்ளே விட்டு ஸ்கூட்டரை மட்டும் தடுக்கும் கம்பம் உலகத்தில் இல்லை. காரைத் தடுக்க ஒன்றரை மீட்டர் இடைவெளியே போதும், உங்கள் கேனும் நுழையும். ஸ்கூட்டருக்கு மருந்து கேமராவும் அபராதமும்தான்.

2020இல் பெங்களூரு வெளிவட்டச் சாலையில் பிளாஸ்டிக் கம்பம் நட்டுத் தற்காலிக சைக்கிள் பாதை போட்டார்கள். பைக்குகள் உள்ளே புகுந்தன, கம்பங்கள் முறிந்தன. முறிந்த கம்பத்தின் அடித்துண்டு தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், முழுக் கம்பத்தைவிட அது மோசம். இருட்டில் வரும் உங்களுக்கு அதுதான் எமன். கம்பம் என்றால் ஒளிரும் பட்டை இருக்க வேண்டும், உடைந்தால் அன்றைக்கே பிடுங்க வேண்டும்.

பொள்ளாச்சி, ஒரு தாயார்: பையனுக்கு பிளஸ் ஒன்னில் அரசு சைக்கிள் கொடுத்திருக்காங்க. சாக்கடை மூடிக் கம்பியில் சக்கரம் மாட்டி விழுந்துட்டான். அவன் தப்பா?

அவன் தப்பில்லை அம்மா. இதே மாதிரி நானும் விழுந்து மணிக்கட்டு உடைந்தவன். அதுவும் வேறொரு நகரத்தில், புதிதாகத் திறந்த பாதையில்! மழைநீர் மூடியின் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தன, டயர் அப்படியே இறங்கிவிட்டது. கம்பிகள் குறுக்காக இருந்தால் பிரச்சினையே இல்லை. பல இடங்களில் மூடியைக் கால் வட்டம் திருப்பி வைத்தாலே போதும், ஒரு ரூபாய்ச் செலவில்லை. சதுர மூடி என்றால் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். நீளமான மூடி என்றால் குறுக்கே பட்டைக் கம்பி பற்றவைக்க வேண்டும். அதுவரை பையனை அந்த மூடியைக் குறுக்கே கடக்கச் சொல்லுங்கள், கூடவே ஓட வேண்டாம்.

வாளையார், லாரி செட் கணக்காளர்: நெடுஞ்சாலையில் ஓர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருப்பது சைக்கிள் பாதைதானே?

இல்லை. அது சாலையின் தோள்பட்டை. பழுதான லாரி அங்கே நிற்கலாம், நிற்கும். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதில் போங்கள். ஆடி மாதக் காற்றில் பாலக்காட்டுப் பக்கம் மிதிக்கிறவர்களுக்குத் தெரியும், லாரி கடந்த நொடியில் எதிர்காற்று விட்டுவிட்டு வந்து வண்டியை ஓர் அடி தள்ளிவிடும்.

அதே நபர்: சைக்கிள் பாதை குறைந்தபட்சம் எவ்வளவு அகலம் இருக்கணும்?

சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவை (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 1962லேயே 2 மீட்டர் என்று எழுதி வைத்தது. முந்திச் செல்லவும் இடம் வேண்டுமானால் 3 மீட்டர். தலைக்கு மேல் 2.25 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், மரக்கிளையும் விளம்பரப் பலகையும் இதில் சேர்த்தி. அடுத்த முறை டேப் எடுத்துப் போங்கள், சிரிப்பு வரும்.

எருத்தேம்பதி, தையல்காரர்: மழையில் அந்தப் பச்சை வழுக்குதே?

சாதாரண பெயிண்டை மேலே மேலே பூசினால் வழுக்கும். சுமார் 200 டிகிரியில் உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் என்ற பிளாஸ்டிக் பூச்சு 2.5 மில்லிமீட்டர் தடிமனில் நிற்கும், மேலே தூவும் கண்ணாடி மணிகள் இரவில் ஒளிரும். ஆனால் அதன் மேலும் ஈரத்தில் வளையும்போது பிரேக் பிடிக்காதீர்கள். கோட்டைத் தாண்டிய பிறகு பிடியுங்கள்.

கோபாலபுரம், ஆசிரியை: புகார் யாரிடம்? நாங்கள் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்.

சாலை யாருடையது என்பதுதான் முதல் கேள்வி, டீச்சர். தேசிய நெடுஞ்சாலை என்றால் எந்தப் பக்கமானாலும் 1033. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத் துறைச் சாலைக்கு 'நம்ம சாலை' செயலி, மற்றவற்றுக்கு முதல்வர் உதவி எண் 1100. கேரளப் பொதுப்பணித் துறைச் சாலைக்கு 'பிடபிள்யூடி ஃபோர் யூ' செயலி. ஊர்த் தெரு என்றால் பஞ்சாயத்து அல்லது நகராட்சி. "பாதை சரியில்லை" என்று எழுதினால் அந்தத் தாள் அலமாரிக்குப் போகும். "இன்ன கடைக்கு எதிரே, இத்தனாம் எண் மின்கம்பத்துக்கு அருகே, மூடிக் கம்பி நீளவாக்கில் இருக்கிறது, திருப்பி வைக்கவும்" என்று படத்தோடு எழுதுங்கள். செய்ய வேண்டிய வேலை ஒற்றை வரியில் இருந்தால் ஓவர்சியர் மறுநாளே ஆள் அனுப்புவார். நானே அனுப்பியிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை, ஏழாம் வகுப்பு மாணவி: தாத்தா, பாதையில் ஆட்டோ நின்னா திட்டலாமா?

வேண்டாம் கண்ணு. மணி அடி, "மாமா, கொஞ்சம் முன்னால போங்க" என்று கேள். போன வாரம் நான் திட்டினேன். அந்த ஆட்டோவில்தான் மாலையில் சாமானோடு வீடு திரும்ப வேண்டி வந்தது.