பயத்தில் கடிக்க வரும் பத்து மாத சிப்பிப்பாறை நாய்: யாரிடம் போவது?

வணக்கம். விருந்தாளி வந்தால் உங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறது, கை நீட்டினால் கடிக்க வருகிறது, ‘இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார் பயிற்சியாளர் என்று எழுதியிருந்தீர்கள். அவரை விட்டுவிடுங்கள். பயந்த நாயை அடித்தால் உறுமல்தான் நிற்கும், பயம் நிற்காது. அப்புறம் எச்சரிக்காமலே கடிக்கும்.

முதலில் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். காதில் புண், மூட்டுவலி இருந்தாலும் தொட்டால் சீறும். ஊர் எது என்று சொல்லவில்லை. சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பதற்றத்தைக் குறைக்க மாத்திரை தேவையா என்றும் கேளுங்கள். நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த பயிற்சியாளரிடம் ஒரே கேள்வி: ‘நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?’ கழுத்தை இறுக்கும் சோக் செயின், மின் அதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலர் என்று ஆரம்பித்தால் கிளம்பிவிடுங்கள். ‘பதினைந்து நாளில் கேரண்டி’ என்பவரும் வேண்டாம். வீட்டுக்கு வந்து, நாய் பயப்படாத தூரத்தில் ஆளை நிறுத்தி, கோழித்துண்டு போட்டு, வாரக்கணக்கில் அந்தத் தூரத்தை மெல்லக் குறைப்பவர்தான் உங்களுக்குத் தேவை. கட்டணம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

அதுவரை விருந்தாளி வந்தால் நாய்க்குத் தனி அறை. வெளியே போகும்போது கூடை மாதிரியான வாய்மூடி போடப் பழக்குங்கள். அதில் மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கும் துணி வகை நம் வெயிலுக்கு ஆகவே ஆகாது. ரேபிஸ் ஊசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். யார் மேலாவது பல் பட்டுவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே கடிபட்டவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.