பழைய அச்சுத் தோற்றத்தைக் கணினியில் கொண்டுவருவது: கேள்வி பதில்

கேள்வி: போட்டோஷாப்பில் படத்தைப் புள்ளிகளாக்கும் கலர் ஹாஃப்டோன் ஃபில்டர் போட்டால் பழைய காமிக்ஸ் மாதிரி வராமல், சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணைக் குத்துகிறது. ஏன் சார்?

பதில்: படம் ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலம் முறையில் இருக்கும். அச்சகத்தில் ஓடியவை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள். இமேஜ் மெனுவில் மோடை, அந்த நான்கு மைகளின் முறையான சிஎம்ஒய்கே ஆக்கிவிட்டு அதே ஃபில்டரைப் போடுங்கள்.

ஒவ்வொரு மையின் புள்ளி வரிசையும் சாய்ந்து நிற்கும் கோணங்களை மாற்ற வேண்டாம். அச்சில் வழக்கமாக வைப்பது கறுப்புக்கு 45 டிகிரி, மெஜந்தாவுக்கு 75, சயானுக்கு 15, மஞ்சளுக்கு 0. ஃபில்டரில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற வரிசையில் தானாக வரும் 108, 162, 90, 45 என்பதும் ஏறக்குறைய இதேதான். புள்ளிக் கட்டத்தை 90 டிகிரி திருப்பினால் மறுபடி அதே கட்டம்தானே. அழுத்தமான மூன்று மைகளுக்கு நடுவில் 30 டிகிரி இடைவெளி வேண்டும். குறைந்தால் அலை அலையாகக் கோலம் விழும், அதைத்தான் மோரே என்கிறோம். மஞ்சள் வெளிர் நிறம் என்பதால் இடுக்கில் வைத்தாலும் தெரியாது.

கேள்வி: செய்தித்தாள் புள்ளி மாதிரி வேண்டும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) படத்தில் புள்ளி சரியாக உருவாகவே மாட்டேன் என்கிறது.

பதில்: செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 85 வரிசைப் புள்ளிகள் என்பது பரவலான அளவு. 300-ஐ 85-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு மூன்றரை பிக்சல்தான் கிடைக்கும். அதில் வட்டம் எங்கே வரும்? அச்சிடப் போகிறீர்கள் என்றால் 1200 டிபிஐயில் வேலை செய்யுங்கள். திரைக்கு மட்டும் என்றால் புள்ளியைத் தாராளமாகப் பெரிதாக்குங்கள்.

கேள்வி: பழைய அச்சில் நிறங்கள் கறுப்புக் கோட்டை விட்டு விலகி நிற்குமே, அது எப்படி அண்ணா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கறுப்பை அசைக்காதீர்கள். ஒவ்வொரு மையையும் தனித்தனியாகக் காட்டும் சேனல் பேனலில் மெஜந்தாவை மட்டும் தேர்ந்து இரண்டு மூன்று பிக்சல் நகர்த்துங்கள். தாள் முழுக்க ஒரே பக்கமாக விலக வேண்டும், ஏனென்றால் விலகியது அந்த நிறத்தின் முழு அச்சுத் தட்டு. ஒவ்வோர் உருவத்தையும் ஒவ்வொரு திசையில் நகர்த்தினால் அச்சு தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம், தாளைத் தூய வெள்ளையாக விடாதீர்கள். லேசான பழுப்பு லேயரை மேலே வைத்து, கீழுள்ள நிறத்தோடு கலந்து அடர்த்தியாக்கும் மல்டிப்ளை மோடு கொடுங்கள்.

கேள்வி: இலவச மென்பொருளான கிம்ப்பில் இந்தப் புள்ளி வேலை முடியுமா?

பதில்: முடியும். ஃபில்டர்ஸ் மெனுவில் டிஸ்டார்ட்ஸ், அதற்குள் நியூஸ்பிரிண்ட்.

கேள்வி: பழைய சிவகாசி தீப்பெட்டி லேபிள் போலச் செய்ய எத்தனை புள்ளி வைக்கலாம்?

பதில்: பழைய லேபிள்கள் பலவற்றில் புள்ளியே கிடையாது, தட்டையான சில நிறங்கள்தான். மூன்று நான்கு மைகளைத் தேர்ந்து, நிறத்துக்கு ஒரு லேயர் வைத்து, எல்லாவற்றையும் மல்டிப்ளையில் விடுங்கள். மஞ்சள்மேல் நீலம் ஏறும் இடத்தில் பச்சை தானாக வரும். பச்சையைத் தனியாகத் தீட்டினால் அந்த அழகு போய்விடும்.

கேள்வி: இணையத்தில் ஏற்றியதும் புள்ளியெல்லாம் கோடு கோடாகிவிடுகிறது.

பதில்: அளவு சுருங்கும்போது வரும் மோரே அது. ஏற்றப்போகும் அளவுக்குப் படத்தை முதலில் சுருக்கிவிட்டு, கடைசியில் ஃபில்டர் போட்டு, ஆர்ஜிபிக்கு மாற்றி பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.