கேட்டுக்கு ஆசிட் வேண்டாம், சகோதரி

கேள்வி: பினாங்கு பட்டர்வொர்த்தில் பழைய டெரஸ் வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். முன் கேட் இரும்பு, முழுக்கத் துரு. பாத்ரூமில் புது டைல்ஸ் மேல் சிமெண்டு வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மாமியாரின் குத்துவிளக்கும் கறுத்துவிட்டது. மூன்றுக்கும் முரியாட்டிக் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) போதும் என்று ஹார்ட்வேர் கடைக்காரர் மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும்?

பதில்: தண்ணீர்க் கணக்கை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பாட்டில் இப்போது எங்கே இருக்கிறது? மேசை மேலா, சின்க் அடியிலா? கடை ஆசிட் பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும், மிஞ்சிப்போனால் லேசான மஞ்சள். வெயிலில் அலைந்து வந்த பிள்ளை மூடியைத் திறந்து வாயில் ஊற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். மலேசியாவில் 2013ஆம் ஆண்டிலிருந்து அபாயகரமான ரசாயனங்களுக்கு லேபிள் ஒட்டுவதற்கென்றே ஒரு விதிமுறை இருக்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை இருக்க வேண்டும். வேலையிடங்களுக்காக எழுதிய விதி அது. பிறையில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு அதிகாரிகள் வந்தால் கோப்புகளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். கடையில் தண்ணீர்ப் பாட்டிலில் ஆசிட் ஊற்றுகிறவன் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சரி, என் எரிச்சல் என்னோடு இருக்கட்டும். பாட்டில் மேல் தடித்த மார்க்கர் பேனாவால் 'ஆசிட்' என்று எழுதி, வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். ஸ்டோர் அறையில் வைத்தால் மூடி வழியாகக் கசியும் ஆவியே அங்குள்ள கத்தி, பாராங், ஸ்பேனர் எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

இப்போது கேட். அதற்கு ஆசிட் வேண்டவே வேண்டாம்.

இரும்புக்கு நாகப் பூச்சு (நாகம் என்றால் துத்தநாகம், ஸிங்க்) போடும் கால்வனைசிங் பட்டறையில் இரும்பை இதே ஆசிட்டில்தான் போட்டுத் துரு எடுப்போம். ஆனால் அங்கே பொருள் முழுசாகத் தொட்டியில் முங்கும், அடுத்த தொட்டியில் முழுசாகக் கழுவப்படும், மறுபடி துருப்பிடிக்க விடாமல் ஃப்ளக்ஸ் என்ற காப்புக் கரைசலில் முக்கி, உருகிய நாகக் குழம்புக்குப் போகும். உங்கள் கேட்டை அப்படி முக்க முடியுமா? பிரஷ்ஷால் தடவத்தான் முடியும். தடவிய ஆசிட் வெல்டிங் இடுக்கிலும் கீலிலும் உள்ளே கூடாக இருக்கும் பைப்பிலும் இறங்கிவிடும். எத்தனை வாளி தண்ணீர் அடித்தாலும் அங்கிருந்து வெளியே வராது. பெயிண்ட் அடித்துச் சில மாதங்களில் அந்த இடமெல்லாம் கொப்புளம் போடும், ஏனென்றால் துரு இப்போது உள்ளேயிருந்து வருகிறது.

"ஆசிட் வாஷ்" என்று வீடு தேடி வரும் கான்ட்ராக்டரிடம் கவனமாக இருங்கள். கலக்காத ஆசிட்டை அப்படியே ஊற்றுவார், பத்து நிமிடத்தில் கேட் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று வரும், காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆசிட் தின்ற இரும்புத் தோல் பச்சைப் புண் மாதிரி. பினாங்கின் ஈரக்காற்றில் சாயங்காலத்துக்குள் ஆரஞ்சு நிறமாகிவிடும். ஆளைத் தேடினால் போன் எடுக்க மாட்டார்.

கேட்டுக்கு வேண்டியது இவ்வளவுதான்: வயர் பிரஷ், உப்புத்தாள், துரு மாற்றி (மிச்சத் துருவின் மேல் பூசும் ரஸ்ட் கன்வெர்ட்டர்), ரெட் ஆக்ஸைடு பிரைமர், அப்புறம் பெயிண்ட். இரண்டு சனிக்கிழமை வேலை. கழற்றக்கூடிய தாழ்ப்பாள், ஸ்க்ரூ இருந்தால் வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் கேட் இரும்பு. பக்கத்து வீட்டு கேட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கலாம், இப்போது தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், நிறைய இடத்தில் அதுதான். கடற்கரைப் பக்கம் ஸ்டெயின்லெஸ் மேல் தேநீர்க் கறை மாதிரி பழுப்புப் புள்ளி வரும். உடனே ஆசிட் போடு என்பார்கள். புள்ளி போகும், உண்மைதான். ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பது மேலே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமிய ஆக்ஸைடுப் படலம். முரியாட்டிக் ஆசிட்டில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைத்தான் முதலில் உடைக்கும். கடல் காற்றிலிருக்கும் உப்பு மெதுவாகச் செய்வதை ஆசிட் அரை மணி நேரத்தில் செய்துவிடுகிறது. அப்புறம் ஊசி குத்தியது போல குழிகள். அவற்றைப் பாலிஷ் போட்டும் எடுக்க முடியாது. நேரே ஊற்ற வேண்டும் என்றுகூட இல்லை, ஆவி பட்டாலே போதும். டெரஸ் வீட்டில் நீங்கள் பாட்டிலைத் திறந்தால் காற்று போவது பக்கத்து கேட்டுக்குத்தான். பாத்ரூம் ஷவர், குழாய், தரைச் சல்லடை எல்லாவற்றுக்கும் இதே பேச்சு.

குத்துவிளக்குக்கும் ஆசிட் வேண்டாம். பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்தது. ஆசிட் நாகத்தைத் தின்றுவிட்டு மேலே செம்பை விட்டுவைக்கும், விளக்கு இளஞ்சிவப்பாக நிற்கும். தீபாவளிக்கு முன்னால் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்களில் சிலர் செய்வது இதுதான். புளியும் கொஞ்சம் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் இல்லாமல் துடையுங்கள். உங்கள் மாமியார் இதைத்தான் செய்திருப்பார்.

மிச்சம் டைல்ஸ். செராமிக் டைல்ஸ் என்றால் ஆசிட் ஆகும். மார்பிள் என்றால் தொடாதீர்கள், நுரைத்துக்கொண்டு கல்லையே தின்னும். முதலில் சிமெண்டுக் கறை நீக்கி என்று கடையில் விற்கும் மிதமான கலவையைப் போட்டுப் பாருங்கள். அதில் போகாவிட்டால்தான் இந்தப் பாட்டில்.

பிளாஸ்டிக் வாளியில் பத்துக் கப் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதில் ஒரு கப் ஆசிட்டை மெதுவாக விடுங்கள். ஆசிட் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கும். ரப்பர் கையுறை, பக்கமும் மூடும் கண்ணாடி, மூடிய செருப்பு வேண்டும். முகத்தில் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது. ஜன்னல் திறந்திருக்கட்டும், ஃபேன் ஓடட்டும். டைல்ஸை முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டால் இடுக்குச் சிமெண்டு ஆசிட்டைக் குடிக்காது. இரண்டு மூன்று நிமிடம் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அப்பச் சோடா தூவி, நுரை நின்றதும் மறுபடி கழுவுங்கள்.

காலையில் குளோரோக்ஸ் (ப்ளீச்) ஊற்றிக் கழுவிய பாத்ரூமில் அன்றைக்கு ஆசிட் எடுக்கக் கூடாது. தரைக் குழிக்குள் தேங்கிய குளோரோக்ஸும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915இல், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஆட்களைக் கொன்றது அதே வாயு. பாத்ரூம் சின்ன அறை, கதவைத் தேடுவதற்குள் நெஞ்சு அடைத்துவிடும்.

கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீர், அப்புறம்தான் மருத்துவமனை. வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயைக் கொப்பளிக்கவைத்து 999 அழையுங்கள். நம் பினாங்கிலேயே, யூஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் எண்ணை இன்றைக்கே தேடி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

டைல்ஸ் முடிந்தும் ஆசிட் மிஞ்சினால் லோங்காங்கில் (வீட்டு முன் சாக்கடையில்) கவிழ்க்க வேண்டாம். கடைக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்க மாட்டேன் என்பார். அப்படியானால் பெரிய பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பொங்குவது முழுசாக நிற்கும்வரை அப்பச் சோடா போட்டு, டாய்லெட்டில் ஊற்றித் தண்ணீர் திறந்துவிடுங்கள். காலிப் பாட்டிலை மூன்று தடவை அலசி, நசுக்கிவிட்டு எறியுங்கள். வேறு யாரும் அதில் தண்ணீர் பிடிக்காதபடி.