'பை', 'டில்', 'விதின்', 'ஃப்ரம்': ஆங்கிலத்தில் கெடு சொல்லும் இந்தச் சொற்களுக்குள் என்ன வேறுபாடு?

கேள்வி கேட்டவர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுபவர். 'பை', 'டில்', 'விதின்', 'இன்', 'ஃப்ரம்', 'சின்ஸ்' எல்லாம் படிக்கும்போது ஒன்றுபோலத் தெரிகின்றன, எழுதும்போது எதைப் போடுவது என்று தெரியவில்லை என்கிறார். வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலை. அங்கே இந்தச் சின்னச் சொற்கள்தான் பெரிய தலைவலி. பெரிய சொல்லுக்கு அகராதி இருக்கிறது. ஒரு நாள் முன்னே பின்னே போனால் உரிமையே போய்விடும் என்ற நிலையை உண்டாக்குவது இந்த இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள்.

முதலில் 'பை', 'டில்'. ('அன்டில்' என்றாலும் 'டில்' என்றாலும் பொருள் ஒன்றுதான்.) ஒரு வேலை ஒரே முறை நடந்து முடிவது, அதற்குக் கெடு வைக்கிறோம் என்றால் 'பை'. ஒரு நிலை தொடர்ந்துகொண்டே போய் ஓர் இடத்தில் நிற்கிறது என்றால் 'டில்'. தமிழில் இதற்குத் தனித்தனி உருபே இருப்பதால் நமக்கு இது எளிது. மனதில் 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று வந்தால் 'பை ஃப்ரைடே'. 'வெள்ளிக்கிழமை வரை' என்று வந்தால் 'டில் ஃப்ரைடே'. விண்ணப்பத்தை வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும், அது 'பை'. கவுன்டர் வெள்ளி வரை திறந்திருக்கும், அது 'டில்'. 'சப்மிட் தி ஃபார்ம் டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வரை ஓயாமல் விண்ணப்பம் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்பது போல ஆங்கிலம் அறிந்தவர் காதில் விழும். பேச்சில் நாம் 'வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுக்கலாம்' என்று சொல்வதால்தான் இந்தக் குழப்பம். அங்கே தொடர்வது கொடுப்பதற்கான அனுமதி, கொடுக்கும் செயல் இல்லை.

அடுத்து 'பை', 'பிஃபோர்'. 'பை 10 நவம்பர்' என்றால் பத்தாம் தேதியும் உங்களுடையது. 'பிஃபோர் 10 நவம்பர்' என்றால் ஒன்பதோடு கதை முடிந்தது. நம் ஊர் அரசு அறிவிக்கைகளில் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று நீட்டி முழக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வீண் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தேதி சேருமா சேராதா என்ற சண்டை வரக்கூடாது என்பதற்காகவே அப்படி எழுதுகிறார்கள்.

'டில்' இந்த விஷயத்தில் நம்பிக்கையானது இல்லை. 'ஐ ஆம் ஆன் லீவ் டில் மண்டே' என்று ஒருவர் எழுதினால், திங்கள்கிழமை அவர் வருவாரா மாட்டாரா? ஒருவர் வருவார் என்பார், இன்னொருவர் வரமாட்டார் என்பார், இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கும். அமெரிக்கர்கள் இதற்கு 'த்ரூ' வைத்திருக்கிறார்கள். 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்றால் வெள்ளியும் சேர்த்தி. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'மண்டே டு ஃப்ரைடே இன்க்ளூசிவ்' என்பார்கள். விடுப்புக் கடிதத்துக்கு நான் சொல்லும் வழி, எந்த நாள் திரும்ப வருகிறேன் என்று எழுதிவிடுவது: 'ஐ வில் பி பேக் ஆன் டியூஸ்டே'. அதைப் படித்து யாரும் குழம்ப முடியாது.

'இன்', 'விதின்', 'ஆஃப்டர்' மூன்றிலும் தமிழ் நமக்குக் கை கொடுப்பதில்லை. 'டாக்டர் ரெண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார்' என்று வரவேற்பில் சொன்னால், சரியாக இரண்டு மணி நேரம் கழித்தா, அதற்குள் எப்போது வேண்டுமானாலுமா? ஆங்கிலம் இதைப் பிரித்துவிடும். 'இன் டூ அவர்ஸ்' என்றால் இப்போதிருந்து இரண்டு மணி நேரம் ஆகும்போது, அதுவரை நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். 'விதின் டூ அவர்ஸ்' என்றால் அடுத்த பத்து நிமிடத்திலும் வரக்கூடும், நாற்காலியை விட்டு எழ வேண்டாம். நாம் 'ரெண்டு மணி நேரம் கழிச்சு' என்பதை அப்படியே 'ஆஃப்டர் டூ அவர்ஸ்' ஆக்கிவிடுகிறோம். இனி நடக்கப்போவதை இப்போதிருந்து கணக்கிட்டுச் சொல்லும்போது 'இன்' தான் இயல்பு. 'ஆஃப்டர்' பழைய கதை சொல்லும்போது நன்றாகப் பொருந்தும்: இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், அப்புறம் வந்தார்.

வீட்டில் இருக்கும் பொட்டலங்களைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பிஸ்கட் உறையில் 'பெஸ்ட் பிஃபோர்' இருக்கும், பால் பாக்கெட்டில் 'யூஸ் பை' இருக்கும். முதலாவது தரத்தைப் பற்றியது. அந்தக் காலத்துக்குப் பிறகு மொறுமொறுப்போ மணமோ குறையலாம், கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. இரண்டாவது பாதுகாப்பைப் பற்றியது, அதைத் தாண்டினால் சாப்பிடக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளில் 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தேதி கட்டாயம், 'பெஸ்ட் பிஃபோர்' விருப்பத்துக்கு விடப்பட்டது. மாத்திரை அட்டை வேறு மாதிரி. அதில் மாதமும் வருடமும் மட்டுமே இருக்கும். 'எக்ஸ்பைரி நவம்பர்' என்று இருந்தால் நவம்பர் முதல் தேதியே காலாவதி என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு. மருந்து விதிகளின்படி அந்த மாதத்தின் கடைசி நாள் வரை அதைப் பயன்படுத்தலாம்.

இப்போது என் வேலைக்கு நெருக்கமான இடம். 'ஃப்ரம்' என்ற சொல்லுக்கு இந்தியாவில் சட்டமே பொருள் சொல்லியிருக்கிறது. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், 9-ஆவது பிரிவு: மத்தியச் சட்டங்களில் 'ஃப்ரம்' என்று போட்டால் முதல் நாளை விட்டுவிட வேண்டும், 'டு' என்று போட்டால் கடைசி நாளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதாவது முதல் தேதியில் நோட்டீஸ் கிடைத்து, அதிலிருந்து 15 நாள் என்றால், எண்ணத் தொடங்குவது இரண்டாம் தேதியில், முடிவது பதினாறாம் தேதியில். சரி, சட்டத்தில் 'ஃப்ரம்' என்று இல்லாமல் 'ஆஃப்' என்று இருந்தால்?

இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். காசோலை பணமில்லாமல் திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) 138-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். 142-ஆவது பிரிவு அதற்கு ஒரு கெடு வைக்கிறது: வழக்குமூலம் (வழக்குப் போடும் உரிமை, 'காஸ் ஆஃப் ஆக்ஷன்') எழுந்த நாளின் 'விதின் ஒன் மந்த் ஆஃப்'. அக்டோபர் 15-இல் வழக்குமூலம் எழுந்தது, நவம்பர் 15-இல் புகார் தாக்கல் ஆனது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளைச் சேர்த்து எண்ணினால் கெடு நவம்பர் 14-உடன் முடிந்துவிட்டது, வழக்குத் தள்ளுபடி. விட்டு எண்ணினால் நவம்பர் 15 கடைசி நாள், வழக்கு நிற்கும். சட்டத்தில் இருப்பது 'ஆஃப்', 'ஃப்ரம்' இல்லை, ஆகவே முதல் நாளும் சேரும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். 1999-இல் ஒரு தீர்ப்பு முதல் நாளை விட்டு எண்ண வேண்டும் என்றது. அதில் ஐயம் எழுப்பப்பட்டு, 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதையே உறுதிசெய்தது. 'ஆஃப்', 'ஃப்ரம்', 'ஆஃப்டர்' இடத்தைப் பொறுத்து ஒரே பொருளைத் தரலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். பணத்தைக் கொடுத்துவிட்டு அலைந்த ஒருவருக்கு வழக்கு இருக்கிறதா இல்லையா என்பது ஒரு முன்னிடைச்சொல்லில் தொங்கியிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து மொழிபெயர்ப்பில் இந்தச் சொற்கள் வரும் இடங்களை நான் தனியாக ஒருமுறை சரிபார்க்கிறேன்.

'மந்த்', 'டேஸ்' கதையும் இதே போன்றதுதான். மூன்று மாதம் என்றால் 90 நாள்தானே என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். நவம்பர் 10-இல் ஓர் உத்தரவு கையில் கிடைக்கிறது. மூன்று மாதம் என்றால் பிப்ரவரி 10. அந்த முதல் நாளை விட்டு 90 நாள் எண்ணினால் பிப்ரவரி 8. இரண்டு நாள் இடிக்கிறது. நடுவர் ('ஆர்பிட்ரேட்டர்') தந்த தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றத்தில் மனுப்போடும் கெடு பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் இதைத் தெளிவாகவே சொன்னது: சட்டம் 'மூன்று மாதம்' என்று சொன்னால் அது மூன்று மாதம், 90 நாள் என்று மாற்றிப் படிக்கக் கூடாது. அதே பிரிவில் கூடுதல் அவகாசமாக '30 நாள்' என்று நாள் கணக்கிலேயே தனியாக எழுதியிருக்கிறார்கள் என்பதையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. ஆகவே வாடகை ஒப்பந்தத்திலோ வேலை நியமனக் கடிதத்திலோ 'த்ரீ மந்த்ஸ் நோட்டீஸ்' என்றிருந்தால் மனக்கணக்கில் 90 ஆக்காதீர்கள்.

'ஃப்ரம்' போலவே தோன்றும் இன்னொன்று 'சின்ஸ்'. இங்கே மறுபடியும் தமிழே வழிகாட்டி. '2019-இலிருந்து' என்று தொடக்கப் புள்ளி வந்தால் 'சின்ஸ்'. 'ஐந்து வருடமாக' என்று நீளம் வந்தால் 'ஃபார்'. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பது நம் நாட்டில் எங்கும் காதில் விழும், ஆனாலும் எழுத்தில் தவிர்ப்பது நல்லது. இதைவிட முக்கியம் கூடவே வரும் வினைச்சொல். தமிழில் 'ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால்தான் இன்னும் வேலையில் இருக்கிறீர்கள். 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று நேர்காணலில் சொன்னால், அந்த வேலையை விட்டு வந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

'ஆன் டைம்' என்றால் குறித்த நேரத்துக்கு, 'இன் டைம்' என்றால் காரியம் கெடுவதற்குள். ரயில் 'ஆன் டைம்' வந்தது, நாம் 'இன் டைம்' போய் ஏறினோம்.

நள்ளிரவைப் பற்றி ஒரு வார்த்தை. '12 ஏஎம்', '12 பிஎம்' இரண்டையும் கெடு எழுதும்போது தவிர்த்துவிடுங்கள். 'மிட்நைட் ஆஃப் ஜூன் 15' இன்னும் மோசம், பதினான்காம் தேதி இரவா, பதினைந்தாம் தேதி இரவா என்றே தெரியாது. அதனால்தான் அமெரிக்கக் காப்பீட்டுப் பத்திரங்களில் 12:01 என்று ஒரு நிமிடம் தள்ளி எழுதும் வழக்கம் இருக்கிறது. நம் ரயில் டிக்கெட்டில் இருக்கும் 24 மணிக் கணக்கில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ஜூன் 15, 00:10 என்று போட்டிருந்தால் 14-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பதினைந்தாம் தேதி இரவு போனால் ரயில் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

கடைசியாக 'பை-வீக்லி'. வாரம் இரண்டு முறை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்ற இரு பொருளும் அதற்கு உண்டு. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியே இரண்டையும் தருகிறது. சம்பளம், கூட்டம், தவணை எதற்கும் இந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை, பிறர் எழுதினால் எந்தப் பொருளில் என்று கேட்டுவிடுவேன். இங்கிலாந்துக்காரரிடம் 'ஃபோர்ட்நைட்லி' என்றால் போதும், பதினான்கு நாளுக்கு ஒருமுறை என்று புரிந்துகொள்வார். அமெரிக்கரிடம் அந்தச் சொல் அவ்வளவாகப் புழங்காது, அவருக்கு 'எவ்ரி டூ வீக்ஸ்' என்றே எழுதுங்கள்.